துளையிடாத துளைகள்

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 8-ஆம் நாள், ஸ்வீடன் நாட்டு அரச விஞ்ஞானக் கழகம் அவ்வாண்டின் ரசாயன நோபெல் பரிசை மூவருக்குப் பகிர்ந்தளிப்பதாக அறிவித்தது. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சுசுமு கிடகாவா, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ராப்சன், அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஒமர் யாகி ஆகியோரே அம்மூவர். அவர்கள் உருவாக்கிய பொருள்களை உலோக–கரிமச் சட்டகங்கள் என்று தமிழில் கூறலாம். உலோக அணுக்களைக் கணுக்களாகவும், கரியை அடிப்படையாகக் கொண்ட மூலக்கூறுகளைக் கழிகளாகவும் வைத்துக் கட்டிய நுண்ணிய பந்தல்கள் அவை. பந்தலின் உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். அவ்வெற்றிடத்தில் வாயுக்களையும் நீராவியையும் தங்க வைக்கலாம், வேண்டும்போது வெளியேற்றலாம்.

சொற்களை ஒரு மொழியினின்றும் மற்றொரு மொழிக்குக் கொண்டு செல்வதே நம் அன்றாடத் தொழிலாதலின், இத்தகைய செய்தியைத் தமிழில் எழுதப் புகும்போது ஒரு சொல் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. ‘துளை’ என்பதே அச்சொல். நுண்துளைப் பொருள் என்று எழுதிவிடுவது எளிது. ஆயின் துளை என்றவுடன் நம் மனம் எதை எண்ணுகிறது? மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்கிறோம். பலகையில் துரப்பணத்தால் துளையிட்டு ஆணி முடுக்குகிறோம். முதலில் முழுமையான பொருள் ஒன்று இருக்கிறது; பின்னர் ஒருவர் வந்து அதைக் குடைகிறார். நாம் பேசும் படிகங்களிலோ எவரும் எதையும் குடைவதில்லை. வீடு கட்டும்போது சுவர் எழ எழ அறையும் உடன் உண்டாவதுபோல், படிகம் வளர வளர வெற்றிடமும் உடன் வளர்கிறது. அஃது எங்ஙனம் நிகழ்கிறது, அங்ஙனம் நிகழ்வது ஏன் அரிது என்பனவற்றையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் படிகமாதல் என்பது யாதெனக் காண்போம். தில்லியிலும் லக்னோவிலும் வாழும் அன்பர்கள் மார்கழி, தை மாதங்களில் தேங்காயெண்ணெய்ப் புட்டி வெள்ளையாக உறைந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். நெய் மணல் மணலாகத் திரள்வதையும் கண்டிருப்பார்கள். அத்திரட்சியும் ஒருவகைப் படிகமாதலே. ஆயினும் கற்கண்டே நமக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சூடான பாகு தாங்கும் அளவு சர்க்கரையை ஆறிய பாகு தாங்க இயலாது. மிகுதிச் சர்க்கரை வெளியேற வழி தேடும். ஆனால் உடனே வெளியேறிவிடாது. மூலக்கூறுகள் சில தற்செயலாக ஒன்றுகூடிச் சிறு கூட்டமாகும். கூட்டம் மிகச் சிறிதாயின் மறுபடியும் கரைந்து போகும். ஒரு குறிப்பிட்ட அளவை அஃது எட்டிவிட்டால் கரையாமல் வளரத் தொடங்கும். அவ்வளவை எட்டிய கூட்டத்திற்குக் கரு என்று பெயர். கற்கண்டு காய்ச்சுவோர் பாகினுள் நூல் கட்டுவது, கரு எளிதில் தோன்றிப் பற்றிக்கொள்ள ஓர் இடம் தருவதற்கே.

இவ்வாறு தோன்றும் சாதாரணப் படிகங்களில் ஒரு பொது வழக்கம் உண்டு. உப்பாயினும் சர்க்கரையாயினும், அணுக்களும் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று கவர்ந்து, இயன்றவரை நெருங்கியே அடுக்கிக்கொள்ளும். நெருங்க நெருங்க அவற்றின் நிலை உறுதிப்படும். வீண் இடம் விடுவது அவற்றின் இயல்புக்கு மாறானது. ஆகவே, உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடமாக இருக்கும் ஒரு படிகம் தானாகவே வளரும் என்று கூறினால், ரசாயனம் பயின்றவர்கள் ஐயுறுவது இயல்பே. நெடுங்காலம் அவ்வாறே ஐயுற்றனர்.

ஆயினும் இயற்கை அத்தகைய படிகங்களை முன்னமே செய்து வைத்திருந்தது. 1756-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டுக் கனிப்பொருள் அறிஞர் குரோன்ஸ்டெட் ஒருவகைக் கல்லைச் சூடாக்கியபோது அதினின்றும் நீராவி பொங்கி வருவதைக் கண்டார். கிரேக்க மொழியில் ‘கொதிக்கும் கல்’ என்று பொருள்படும்படி அதற்கு ஜியோலைட் என்று பெயரிட்டார். மகாராஷ்டிரத்தில் வாழும் நம்மவர் இக்கல்லைக் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. புணே, நாசிக், ஜல்காவ் பகுதிகளின் கற்சுரங்கங்களில் கரும்பாறையை உடைக்கும்போது, அதன் பொந்துகளில் வெண்மையும் இளஞ்சிவப்புமாகப் படிகங்கள் பூத்திருப்பதைக் காணலாம். ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்தோடி ஆறிய எரிமலைக் குழம்பே தக்காணத்தின் அக்கரும்பாறை. பின்னர் அதனூடே பரவிய நீர், கரைந்த தாதுக்களைப் பொந்துகளில் சேர்த்து வளர்த்த படிகங்களுள் ஜியோலைட்டுகள் பல.

இக்கல் நமக்கு ஒரு முதற் பாடத்தைக் கற்பிக்கிறது. சிலிக்கான், அலுமினியம், ஆக்ஸிஜன் ஆகிய மூன்றும் கோத்த சட்டகம் வளரும்போது அதன் அறைகள் காலியாக இருந்ததில்லை. நீர் அங்கே குடியிருந்தது. குடியிருந்த நீரைச் சுற்றியே சுவர் எழுந்தது. பின்னர்ச் சூடாக்கினால் நீர் வெளியேறும், சுவர் நிற்கும். ஆயின் ஜியோலைட்டின் சுவர்களை நம் விருப்பப்படி நீட்டவும் குறுக்கவும் எளிதில் இயலாது. கழியின் நீளத்தை நாமே தேர்ந்து அறையின் அளவை நிர்ணயிக்க முடியுமா என்பதே இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த வினா.

அவ்வினாவின் வித்து ஒரு தச்சுப் பட்டறையில் கிடைத்தது. 1974-இல் ராப்சன், மாணவர்களுக்கு மூலக்கூறுகளின் வடிவத்தைக் காட்ட மர உருண்டைகளையும் குச்சிகளையும் கொண்டு மாதிரிகள் செய்ய விரும்பினார். ஒவ்வோர் உருண்டையும் ஓர் அணு. எந்த அணு எத்தனைக் கைகளை எந்தத் திசைகளில் நீட்டுமோ, அதற்கேற்ப உருண்டையில் துளையிடப் பட்டறைக்குக் குறித்துக் கொடுத்தார். உருண்டைகள் வந்த பின்னர் அவர் ஓர் உண்மையைக் கண்டார். துளைகளின் இடத்தைச் சரியாக வைத்துவிட்டால், குச்சியைச் செருகச் செருக முழு வடிவமும் தானே அமைந்துவிடுகிறது. அவ்வாறாயின், அணுக்களுக்குப் பதிலாக முழு மூலக்கூறுகளையே இவ்வாறு கோத்தால் என்ன? இவ்வெண்ணத்தைப் பத்தாண்டுக்கும் மேலாக மனத்தில் வைத்திருந்து, பின்னர்ச் சோதித்தார். நான்கு திசைகளில் கை நீட்டும் செப்பு அயனியையும், நான்கு கைகளையுடைய ஒரு கரிம மூலக்கூறையும் சேர்த்தார். வைரத்தின் அமைப்பை ஒத்த, ஆனால் உள்ளே பெரிய அறைகளைக் கொண்ட ஒழுங்கான படிகம் விளைந்தது. 1989-இல் அதனை வெளியிட்டார். ஆயின் அப்படிகங்கள் நிலையற்றவை. அறைக்குள்ளிருந்த திரவம் நீங்கியதும் சரிந்துவிடும் இயல்பின.

இனி, கலத்தின் உள்ளே நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். இதற்கு 1999-இல் யாகியும் அவர் குழுவினரும் வெளியிட்ட எம்.ஓ.எஃப்.–5 என்னும் சட்டகத்தை எடுத்துக்கொள்வது பொருத்தம். அதற்குத் தேவையானவை துத்தநாக நைட்ரேட் என்னும் உப்பும் டெரிப்தாலிக் அமிலமுமே. பின்னது நமக்கு அந்நியமானதன்று. பாலியெஸ்டர் துணிக்கும் குடிநீர்ப் புட்டிக்கும் மூலப் பொருள்களில் ஒன்று அதுவே. அதன் மூலக்கூறு ஒரு நேரான குச்சி போன்றது. இரு முனைகளிலும் ஒவ்வோர் அமிலக் கை உண்டு. அக்கையின்மேல் ஒரு ஹைட்ரஜன் மூடிபோல் அமர்ந்திருக்கிறது. மூடி கழன்றால்தான் கை உலோகத்தைப் பற்றும். மூடியைக் கழற்றுவதற்கு ஒரு காரப்பொருள் வேண்டும்.

அக்காரத்தைக் கலத்தில் ஒரே முறையாகக் கொட்டிவிட்டால் என்ன நேரும்? எல்லாக் கைகளும் ஒரே கணத்தில் திறந்து, அகப்பட்ட உலோகத்தையெல்லாம் பற்றும். எண்ணிறந்த கருக்கள் ஒருங்கே தோன்றும். எதற்கும் வளரப் போதிய பொருள் எஞ்சாது. விளைவது மாவு போன்ற பொடி. சிலபோது ஒழுங்கே அற்ற பிசிர். ஆகவே 1999-இல் யாகி குழுவினர் காரத்தை ஆவியாகச் சிறுகச் சிறுகக் கரைசலினுள் பரவச் செய்தனர். பின்னர் இன்னும் எளிய உபாயம் ஒன்று வழக்கிற்கு வந்தது. டைஎத்தில் ஃபார்மமைடு போன்ற ஒரு திரவத்தைக் கரைப்பானாகக் கொண்டு, மூடிய கலத்தில் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைப்பார்கள். அத்திரவம் வெப்பத்தில் மெல்லச் சிதைந்து, காரத்தைத் தானே சொட்டுச் சொட்டாக அளிக்கும். பாகை மெல்ல ஆறவிட்டால் பெரிய கற்கண்டு விளைவது எதனாலோ, அதனாலேயே இங்கும் பெரிய படிகம் விளைகிறது. கருக்கள் சிலவே தோன்றுகின்றன. வரும் பொருளெல்லாம் அவற்றின்மேலேயே சேர்கிறது.

கை திறந்த குச்சிகள் துத்தநாகத்தை எவ்வாறு பற்றுகின்றன? ஓர் ஆக்ஸிஜன் அணுவை நடுவில் வைத்து நான்கு துத்தநாக அணுக்கள் முக்கோணக் கூம்பாக அமர்கின்றன. அக்கூம்புக்கு ஆறு விளிம்புகள். ஒவ்வொரு விளிம்பையும் ஓர் அமிலக் கை இறுகப் பற்றுகிறது. ஆறு கைகளும் மேல், கீழ், நான்கு பக்கம் என ஆறு திசைகளை நோக்குகின்றன. ஒவ்வொரு குச்சியின் மறுமுனையும் அவ்வாறே மற்றொரு கணுவைப் பற்றுகிறது. இப்படியே தொடர்ந்தால் கனசதுர அறைகள் வரிசை வரிசையாக எழும். ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சென்டிமீட்டரின் கோடியில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். குச்சி வளையாதது, கணு திசை தவறாதது. ஆகவே கணுக்கள் நெருங்கி வர விரும்பினும் நெருங்க வழியில்லை. வெற்றிடம் உண்டாவதன் முதற் காரணம் இது.

ஆனால் இவ்வளவு மட்டும் போதாது. கலத்தில் கோடானுகோடிக் குச்சிகள் இலக்கின்றி அலைகின்றன. அவற்றுள் பல தவறான கோணத்தில் பற்றும். தவறான இடத்தில் ஒட்டும். தவறுகள் அப்படியே நிலைத்தால் சட்டகம் கோணலாகிவிடும். அவற்றைத் திருத்துவது யார்? இதுவே இவ்விஷயத்தின் உயிர்நிலை. வைரத்தில் கரியணுக்கள் ஒருமுறை பிணைந்தால் எளிதில் பிரியா. உலோகமும் அமிலக் கையும் கொள்ளும் பிணைப்போ நடுத்தரமானது. படிகம் ஆகிமுடிந்தபின் சட்டகத்தைத் தாங்கும் அளவு அது வலியது. ஆயின் சூடான கரைசலில் பிணைந்தும் பிரிந்தும் மீண்டும் பிணைந்தும் வரும் அளவு இளகியது. தவறான இடத்தில் ஒட்டிய குச்சிக்கு ஒரு பக்கத்துப் பிடிமானமே உண்டு. அது விரைவில் கழன்று செல்லும். சரியான இடத்தில் பொருந்திய குச்சிக்கு இருபுறமும் பிடிமானம். அது நீங்குவது கடினம். வேலை நிமித்தம் வேற்றூர் வந்தவர் முதலில் கிடைத்த வாடகை வீட்டிலிருந்து இரண்டு மூன்று முறை மாறி, பள்ளியும் கடையும் அண்டை அயலாரும் பொருந்திய இடத்தில் நிலைத்துவிடுவதை நாம் அறிவோம். மேற்பார்வையாளர் எவரும் அங்கில்லை. பொருந்தாத இடத்தில் தங்குவது அரிது, பொருந்திய இடத்தை விட்டுப் புறப்படுவது அரிது. இவ்விரண்டினாலேயே ஒழுங்கு பிறக்கிறது.

இதனாலேயே பிணைப்பு மிக வலிதாக உள்ள இடங்களில் ரசாயனிகள் வேண்டுமென்றே இடையூறு செய்கின்றனர். 2008-இல் நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக் கழகத்தார் சிர்க்கோனியம் என்னும் உலோகத்தைக் கணுவாகக் கொண்ட சட்டகம் ஒன்றை வெளியிட்டனர். அதன் ஒவ்வொரு கணுவும் பன்னிரண்டு திசைகளில் பிணைவது; நீருக்கும் வெப்பத்திற்கும் அசையாதது. அவ்வளவு வலிய பிணைப்பில் தவறுகள் எளிதில் திருந்தா. 2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் நகரத்து ஆய்வாளர், பென்சாயிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்ற ஒற்றைக் கை அமிலங்களைக் கலந்தால் நல்ல படிகங்கள் விளைவதைக் காட்டினர். அசிட்டிக் அமிலம் வேறொன்றுமன்று. சமையலறைப் புளிக்காடியின் புளிப்பே அது. ஒற்றைக் கை அமிலம் கணுவைப் பற்றிக்கொண்டு, இரட்டைக் கைக் குச்சியைச் சற்றே காத்திருக்க வைக்கிறது. அதற்கு மறுகை இல்லாமையால் சட்டகத்தைத் தொடர அதனால் இயலாது. காலப்போக்கில் இடம் விட்டு விலகுகிறது. அந்தத் தாமதமே திருத்தத்திற்கு அவகாசம் தருகிறது. ஒரு சில இடங்களில் அவ்வமிலம் விலகாமலே தங்கிவிடுவதும் உண்டு. அங்கே ஒரு கழி குறைந்து, அறைகள் இன்னும் அகன்று போகின்றன. எனவே கலத்தில் சேர்க்கும் அமிலத்தின் அளவைக் கொண்டே வெற்றிடத்தின் அளவையும் ஓரளவு மாற்றலாம்.

இவையெல்லாம் ஊகமா, கண்டறிந்த உண்மையா என்று நேயர்கள் கேட்கலாம். படிகம் முதிர்ந்தபின் அதன் அமைப்பை எக்ஸ் கதிர்கள் காட்டிவிடும். வளரும்போதே காண்பதுதான் கடினம். 2011-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தார், துத்தநாகமும் மீதைல் இமிடசோலும் சேர்ந்த சிஃப்–8 என்னும் சட்டகம் கரைசலில் வளர்வதை நுண்முனை கொண்டு தடவிப் பார்க்கும் கருவியால் ஆராய்ந்து, படிகத்தின் முகத்தில் புதிய படி ஒன்று தோன்றிப் பரவுவதும் அதன்மேல் அடுத்த படி தோன்றுவதுமாக அஃது உயர்வதைக் கண்டனர். 2015-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் அதே பொருளை, திரவத்தோடு கூடவே எலெக்ட்ரான் நுண்காட்டியில் வைத்துப் பார்த்தனர். சிறு துகள்கள் ஒன்றோடொன்று மோதி ஒட்டிப் பெரிதாகவில்லை. கரைசலினின்றும் வரும் கூறுகள் துகளின் மேற்பரப்பில் சேரச் சேர ஒவ்வொன்றும் தனித்தே வளர்ந்தது. 2021-இல் நிக்கல் கணுக்களைக் கொண்ட ஒரு பொருளில் வேறொரு பாதை புலப்பட்டது. முதலில் கரைசலில் செறிவு மிகுந்த திரவத் திட்டுகள் பிரிகின்றன; பின்னர் அவை ஒழுங்கற்ற திரளாகச் சுருங்குகின்றன; அதன் பின்னரே திரளினுள் ஒழுங்கு பிறந்து படிகமாகின்றன. ஆகவே எல்லாச் சட்டகங்களும் ஒரே வழியில் பிறப்பதில்லை என்று கொள்வதே நேர்மை.

படிகம் விளைந்துவிட்டாலும் வெற்றிடம் கைகூடிவிட்டதாகாது. அதனை மூன்று ஆபத்துகள் சூழ்ந்துள்ளன.

முதலாவது, ஒரு சட்டகத்தின் அறைக்குள்ளேயே மற்றொரு சட்டகம் புகுந்து வளர்ந்துவிடுவது. அறை பெரிதாயின், அடுத்த வலை அதனூடே பின்னிக்கொள்ள இடம் உண்டு. சங்கிலியின் கண்ணிகளைப்போல் இரு வலைகளும் ஒன்றையொன்று தொடாமலே கோத்துக்கொள்ளும். வெற்றிடம் பெரிதும் நிரம்பிவிடும். குச்சியை நீட்டினால் அறை பெரிதாகும் என்று எண்ணியவர்கள் பன்முறை இவ்வாறு ஏமாந்தனர். கரைசலின் செறிவைக் குறைத்து நீர்க்க வைப்பது இதற்கு ஒரு பரிகாரம்.

இரண்டாவது, அதே பொருள்கள் நெருங்கி அடுக்கிய வேறொரு படிகமாகிவிடுவது. சிஃப்–8-ஐத் தரும் அதே துத்தநாகமும் அதே இமிடசோலும் அளவும் கரைப்பானும் மாறினால் வெற்றிடமற்ற இறுகிய படிகத்தையும் தர வல்லவை. இறுகியதே அதிக உறுதி வாய்ந்த நிலை. ஆயினும் முதலில் பிறப்பது பெரும்பாலும் உறுதி குறைந்த நிலையே என்று ஜெர்மன் அறிஞர் ஆஸ்ட்வால்ட் 1897-இல் ஒரு விதி கூறினார். வெற்றிடமுள்ள சட்டகம் பலபோது இவ்விடைநிலையில் பிறப்பது. அறைகளை நிரப்பி நிற்கும் கரைப்பான் அதனைத் தாங்குகிறது. தக்க தருணத்தில் அதனைக் கலத்தினின்றும் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாவதே மிகப் பெரிய சோதனை. அறைக்குள் இருக்கும் கரைப்பானை வெளியேற்றும்போது சுவர் நிற்க வேண்டும். ஈரத் துணி உலரும்போது சுருங்கி ஒட்டுவதை நாம் காண்கிறோம். வெளியேறும் திரவமும் அவ்வாறே சுவர்களைத் தன்பால் இழுக்கும். நுண்ணிய அறைகளில் அவ்விழுப்பு மிகக் கடியது. இதற்காக இழுப்பு மிகுந்த திரவத்தை நீக்கி, இழுப்புக் குறைந்து எளிதில் ஆவியாகும் திரவத்தை முதலில் குடியேற்றுவார்கள். பின்னர் அதனை வெளியேற்றுவார்கள். கரியமில வாயுவை 31 டிகிரிக்கு மேலும் 73 மடங்கு காற்றழுத்தத்திற்கு மேலும் வைத்தால் அது திரவமும் அன்று, வாயுவும் அன்று என்னும் நிலையை அடையும். அந்நிலையில் அறைகளை நிரப்பி மெல்ல வெளியே விட்டால், இழுப்பதற்குத் திரவத்தின் மேற்பரப்பே இராது.

1990-களில் பல ரசாயனிகள் இத்துறையைக் குறித்துக் கொண்ட ஐயம் இம்மூன்றாவது ஆபத்தைப் பற்றியதே. அழகிய படிகங்கள்தாம், காலி செய்தால் சரியும், இவற்றால் யாது பயன் என்று கேட்டனர். கிடகாவா ஆராய்ச்சிக்குப் பொருளுதவி வேண்டியபோது, வழங்குவோர் அவரது முயற்சியில் பயனைக் காணவில்லை. அவரோ சீன அறிஞர் சுவாங் சூவின் கருத்தொன்றை மனத்தில் கொண்டிருந்தார்: இன்று பயனற்றதாகத் தோன்றுவது பின்னர்ப் பயன்படக்கூடும் என்பது. 1997-இல் கோபால்ட், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றைப் பைபிரிடின் என்னும் குச்சியால் கோத்த அவரது சட்டகங்கள், நீரை இழந்த பின்னரும் நின்று, மீத்தேன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றை உள்வாங்கியும் வெளிவிட்டும் வடிவம் மாறாதிருந்தன. இரண்டாண்டுகளில் எம்.ஓ.எஃப்.–5 வந்தது. முற்றும் காலியான நிலையிலும் 300 டிகிரி வரை அது சிதையவில்லை. அதன் எடை ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.59 கிராம், தண்ணீரின் எடையில் பாதிக்குச் சற்றே அதிகம். உட்சுவர்களின் பரப்பு கிராமுக்கு ஏறத்தாழ 2900 சதுர மீட்டர் என அப்போது மதிப்பிட்டனர். இரண்டு மூன்று கிராம் பொடியினுள் ஒரு கால்பந்தாட்டத் திடல் அடங்குகிறது என்று கூறலாம்.

யாகியின் வரலாறும் நம் போன்று ஊர் விட்டு வந்தோர்க்கு உகந்தது. பாலஸ்தீனத்தினின்றும் அகதிகளாக வந்த பெற்றோருக்கு ஜோர்டான் நாட்டு அம்மான் நகரில் 1965-இல் பிறந்தார். மின்விளக்கில்லாத, கால்நடைகளோடு பகிர்ந்துகொண்ட ஒற்றை அறை வீட்டில் வளர்ந்து, பதினைந்தாம் வயதில் தனியே அமெரிக்கா சென்றார். உலோக–கரிமச் சட்டகம் என்ற பெயரை 1995-இல் வழங்கியவர் அவரே.

நம் நாட்டிலும் இத்துறை வேரூன்றியுள்ளது. பெங்களூரில் சி. என். ஆர். ராவ் அவர்களும் அவருடன் பணிபுரிந்தோரும், உலோகமும் கரிம அமிலக் கைகளும் சேர்ந்து திறந்த அமைப்புடைய சட்டகங்களாகும் வகைகளை ஆராய்ந்து, 2004-இல் அவற்றைத் தொகுத்து ஒரு பெரிய மதிப்புரை வெளியிட்டனர்.

சட்டகம் செய்யக் கரைப்பானே வேண்டுமா என்பதும் ஓர் ஆராய்ச்சி. துத்தநாக ஆக்ஸைடையும் இமிடசோலையும் எஃகு உருண்டைகளோடு ஒரு குடுவையில் இட்டு, அம்மியில் அரைப்பதுபோல் அரைத்தே சிஃப்–8-ஐ உண்டாக்கலாம். அரைபடும்போதே படிகம் பிறப்பதை 2013-இல் எக்ஸ் கதிர்களைச் செலுத்திக் கண்டறிந்தனர். கரைப்பான் குறைந்தால் செலவு குறையும்; கழிவும் குறையும்.

பயனைப் பற்றியும் சில சொற்கள் கூற வேண்டும். 2017-இல் சிர்க்கோனியமும் ஃப்யூமரிக் அமிலமும் சேர்ந்த ஒரு சட்டகம், ஈரப்பதம் 20 சதவீதமே உள்ள வறண்ட காற்றினின்றும் நீரைப் பற்றி, வெயிலின் சூட்டில் திருப்பித் தர வல்லதெனக் காட்டினர். 2021-இல் கானடாவின் கால்கரி நகரில் பிறந்த கால்ஃப்–20 என்னும் துத்தநாகச் சட்டகம், ஈரம் கலந்த ஆலைப் புகையினின்றும் கரியமில வாயுவைப் பிரித்தெடுப்பதாக வெளியாயிற்று. 2023-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் இத்தகைய சட்டகங்களை ஆண்டுக்குப் பல நூறு டன் அளவில் செய்வதாக அறிவித்தது. மற்றொருபுறம், புகழ் பெற்ற எம்.ஓ.எஃப்.–5 ஈரக் காற்றில் வைத்தாலே சிதையத் தொடங்கும். கழன்று பிணையும் இயல்பினால் ஒழுங்குற்ற அதே பிணைப்பை, பின்னர் நீர் வந்து கழற்றிவிடுகிறது. பிறப்பதற்கு உதவிய குணமே வாழ்வதற்கு இடையூறாகும் இச்சிக்கல் இத்துறை முழுவதையும் தொடர்ந்து வருகிறது. எளிதில் திருந்தும் பிணைப்பு எளிதில் சிதையும். எளிதில் சிதையாத பிணைப்பு எளிதில் திருந்தாது. இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே ரசாயனிகளின் இன்றைய உழைப்பு.

பத்திரிகைகளில் இத்தகைய பொருள்களைப் பற்றிய செய்தி இனி அடிக்கடி வரும். ஒரு கிராமில் இத்தனை ஆயிரம் சதுர மீட்டர் என்ற பெரிய எண்ணும் உடன் வரும். அப்போது நேயர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். உள்ளிருந்த கரைப்பான் வெளியேறிய பின்னரும் அறை நின்றதா? ஈரக் காற்றில் எத்தனை நாள் நிற்கும்? ஒரு சிமிழ் அளவில் விளைந்தது டன் கணக்கில் அதே ஒழுங்குடன் விளையுமா? இம்மூன்றுக்கும் விடை இருப்பின், அப்பொருள் ஒருநாள் பாலைவனத்துக் குடத்திலோ ஆலையின் புகைபோக்கியிலோ நம் கண்ணுக்குப் புலப்படும் எனத் துணிந்து நம்பலாம்.